ரவுட்டர் மாற்றினேன், நாஸைக் காணோம்: கேள்வி பதில்

நாகர்கோவிலில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். ஃபைபர் கனெக்ஷன் மாற்றியவர்களிடமிருந்து இப்போது அதிகம் வருவது ஒரே புகார்தான்: புது ரவுட்டர் வந்தது, வைஃபை நன்றாக இருக்கிறது, நாஸ் (படம், ஃபைல் எல்லாம் சேமித்து நெட்வொர்க்கில் பகிரும் டிஸ்க் பெட்டி) மட்டும் போய்விட்டது. வந்த கேள்விகளுக்கு இங்கேயே பதில் சொல்கிறேன்.

மார்த்தாண்டம், போட்டோ ஸ்டுடியோ: அண்ணே, இரண்டு டிஸ்க் போட்ட சினாலஜி நாஸ். லைட் எல்லாம் பச்சையாகத்தான் எரிகிறது. கம்ப்யூட்டரில் நாஸைத் திறக்கும் இசட் டிரைவ் மேல் சிவப்பு பெருக்கல் குறி. ஆறு கல்யாணத்தின் படம் அதற்குள் கிடக்கிறது, ஆல்பம் கேட்டு ஆள் வருகிறார்கள். பின்னால் இருக்கும் ரீசெட் பட்டனை அழுத்தட்டுமா?

முதலில் கையை எடுங்கள் தம்பி. உங்கள் படம் எங்கேயும் போகவில்லை. பெட்டி பழைய முகவரியிலேயே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பழைய ரவுட்டர் 192.168.1 என்று தொடங்கும் ஐபி முகவரிகளைக் கொடுத்திருக்கும். நாஸ் போட்டுக் கொடுத்தவர் அதற்கு நிலையான ஐபி ஒன்றை உள்ளேயே எழுதி வைத்திருப்பார். புது ரவுட்டர் 192.168.29 என்றோ 192.168.0 என்றோ கொடுக்கும். அப்போது கம்ப்யூட்டர் ஒரு தெருவில், நாஸ் இன்னொரு தெருவில். கேபிள் சரியாக இருப்பதால்தான் லைட் பச்சையாக எரிகிறது.

கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ (ipconfig) கமாண்டைக் கொடுத்தால் கம்ப்யூட்டரின் இப்போதைய முகவரி தெரியும். ‘நெட் யூஸ்’ (net use) கொடுத்தால் இசட் டிரைவ் எந்த முகவரியைத் தேடுகிறது என்று தெரியும். முதல் மூன்று எண்களும் ஒத்துப்போகவில்லை என்றால் சங்கதி இதுதான்.

நாஸின் பழைய முகவரி 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். ஒரு லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டு, லேன் கேபிளை நேராக நாஸில் செருகுங்கள், நடுவில் ரவுட்டர் வேண்டாம். லேப்டாப்பின் ஐபியைக் கையால் 192.168.1.50 என்றும், சப்நெட் மாஸ்க்கை 255.255.255.0 என்றும் போடுங்கள், கேட்வே காலியாக இருக்கட்டும். பிரவுசரில் 192.168.1.20:5000 அடித்தால் லாகின் பக்கம் வரும். உள்ளே கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் நிலையான ஐபியை எடுத்துவிட்டு டிஎச்சிபிக்கு (ரவுட்டரே ஐபி கொடுக்கும் முறைக்கு) மாற்றிச் சேமித்தபின், நாஸை ரவுட்டரில் செருகுங்கள். லேப்டாப்பையும் மறக்காமல் தானியங்கி ஐபிக்குத் திருப்பிவிடுங்கள், இதை மறந்துவிட்டு ‘இப்போது நெட்டே வரவில்லை’ என்று கூப்பிடுகிறவர்கள் பலர். கடைசியாக, ரவுட்டரின் பக்கத்தில் அந்த நாஸுக்கு ஒரு ஐபியை ரிசர்வ் செய்து வையுங்கள்.

கடையில் சிசிடிவி, பிரிண்டர் எல்லாம் பழைய முகவரியில்தான் இருக்கிறது என்றால் எனக்குப் பிடித்த வழி வேறு. புது ரவுட்டரின் லேன் முகவரியையே 192.168.1.1 என்று மாற்றிவிடுங்கள். எல்லாம் இருந்த இடத்திலேயே எழுந்து வரும். சில கம்பெனி ரவுட்டர்களில் அதை மாற்ற விடமாட்டார்கள், அப்போது முதல் வழிதான்.

அதே ஸ்டுடியோ, மறுநாள்: பிரவுசரில் திறந்துவிட்டது அண்ணே! ஆனால் இசட் டிரைவில் சிவப்புக் குறி போகவில்லை.

அது பழைய ஐபியைத்தான் இன்னும் தேடும். டிஸ்கனெக்ட் செய்துவிட்டு மறுபடி மேப் பண்ணுங்கள், இந்த முறை ஐபி போடாமல் நாஸின் பெயரைப் போடுங்கள். ரீசெட் பட்டனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: சினாலஜியில் ஒரு பீப் வரும்வரை, சுமார் 4 விநாடி அழுத்தினால் அட்மின் பாஸ்வேர்டும் நெட்வொர்க் அமைப்பும்தான் தொடக்க நிலைக்குப் போகும், படங்கள் அப்படியே இருக்கும். பாஸ்வேர்ட் தெரியாதவர்களுக்கு அது உதவும். ஆனால் உடனே இரண்டாம் முறையும் அழுத்தினால் ஓஎஸ்ஸையே திரும்ப நிறுவச் சொல்லும். பதற்றத்தில் இருக்கிற கை ஒரு தடவையோடு நிற்காது, அதனால்தான் முதலில் கையை எடுக்கச் சொன்னேன்.

குளச்சல்: சார், என் நாஸில் லேன் லைட்டே எரியவில்லை. வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம்.

அப்படியானால் ஐபியைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். கேபிளைக் கழற்றி, முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எட்டு மெல்லிய தகடுகள் பொன்னிறமாக இருக்க வேண்டும். உங்கள் பக்கத்து வீடுகளில் நான் கழற்றிய கேபிள்களில் இரண்டு மூன்று தகடுகள் பச்சை பூத்து, தொட்டால் மாவு மாதிரி விரலில் ஒட்டும். உப்புக்காற்று செய்கிற வேலை. அந்த முனையை வெட்டிப் புது பின் போடுங்கள், அல்லது கேபிளையே மாற்றுங்கள். நாஸின் போர்ட்டுக்குள் பச்சை இருந்தால், கரண்டை அணைத்துவிட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மேல் பூச்சு போய்விட்டால் அடுத்த மாதமே திரும்ப அரிக்கும்.

குளச்சல் (மீண்டும்): புது கேபிள் போட்டும் இல்லை. போன வாரம் இடி இடித்தது.

அப்போது போர்ட் போயிருக்கலாம். ஃபைபர் கண்ணாடி என்பதால் மின்னல் அந்த வழியாக வராது. ஆனால் கரண்ட் லைன் வழியாகவும், மாடிக்கு இழுத்த லேன் கேபிள் வழியாகவும் வரும். நாஸில் இரண்டாவது லேன் போர்ட் இருந்தால் அதில் செருகிப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பெட்டி போனாலும் டிஸ்க் பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எது ஒன்று, எது இரண்டு என்று டிஸ்க்கின் மேல் எழுதி வைத்துவிட்டுக் கழற்றுங்கள், அதே கம்பெனியின் பொருந்தும் மாடலில் அதே வரிசையில் போட வேண்டும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகி, அது ‘ஃபார்மட் செய்யவா’ என்று கேட்டால் தயவுசெய்து சரி என்று அழுத்திவிடாதீர்கள்.

தக்கலை: அண்ணா, வீட்டுக்காரர் சவுதியில் இருக்கிறார். பிள்ளைகளின் போட்டோ எல்லாம் நாஸில். ஃபைபர்காரர் ஒரு பெட்டி வைத்தார், நாங்கள் தனியாக வைஃபை ரவுட்டர் வாங்கி மாட்டினோம். இப்போது வீட்டிலும் திறக்கவில்லை, அவருக்கும் கிடைக்கவில்லை.

நாஸ் கேபிள் ஃபைபர் பெட்டியில் இருக்கும், உங்கள் போன் வைஃபை ரவுட்டரில் இருக்கும். இரண்டும் தனித்தனி நெட்வொர்க் அக்கா. நாஸ் கேபிளை வைஃபை ரவுட்டரின் லேன் போர்ட்டுக்கு மாற்றுங்கள், நிறம் வேறாக இருக்கும் வேன் (இணையம் உள்ளே வரும்) போர்ட்டில் அல்ல. பிறகு நாஸை ஒரு முறை ஆஃப் செய்து ஆன் செய்தால் வீட்டுக்குள் சரியாகிவிடும்.

அவருக்குக் கிடைக்காததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ரவுட்டரில் வேன் ஐபி 100.64 முதல் 100.127 வரை உள்ள ஏதாவது ஒன்றில் தொடங்கினால், ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன என்று பொருள். வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது, போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து நாஸுக்கு ரவுட்டரில் வழி திறப்பது) என்ன செய்தாலும் பலிக்காது. பலித்தாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். 2022 ஜனவரியில் இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த கியூநாப் கம்பெனி நாஸ் பெட்டிகளுக்குள் டெட்போல்ட் என்ற ரேன்சம்வேர் புகுந்து ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. டெயில்ஸ்கேல் மாதிரி தனிப்பாதை போடும் ஆப் ஒன்றை நாஸிலும் அவருடைய போனிலும் போடுங்கள், கதவைத் திறந்து வைக்காமலே அவர் படங்களைப் பார்க்கலாம்.

கருங்கல்: புது லேப்டாப், விண்டோஸ் 11. நாஸ் பத்து வருஷப் பழசு. பிரவுசரில் திறக்கிறது, ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை.

ரவுட்டர் மேல் தப்பில்லை. ஃபோல்டரைப் பகிர நாஸும் விண்டோஸும் பேசும் மொழி எஸ்எம்பி. பழைய நாஸ் அதன் பழைய பதிப்பான எஸ்எம்பி 1 பேசுகிறது, 2017-க்குப் பிறகு வந்த விண்டோஸ் பதிப்புகளில் அது தானாக வருவதில்லை. நாஸின் அமைப்பில் எஸ்எம்பி 2 அல்லது 3-ஐ ஆன் செய்யுங்கள், பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் வழியை விட்டு ஒரு யூசர் உருவாக்குங்கள். விண்டோஸில் எஸ்எம்பி 1-ஐத் திரும்பப் போடச் சொல்லும் வீடியோக்களைக் கேட்காதீர்கள், வான்னாக்ரை ரேன்சம்வேர் அந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது.

அஞ்சுகிராமம்: கிடைத்துவிட்டது, ஆனால் விநாடிக்கு 11 எம்பிக்கு மேல் காப்பி ஆகவில்லை.

லிங்க் 100 மெகாபிட்டில் நிற்கிறது. கிகாபிட்டுக்கு (1000 மெகாபிட்) எட்டுக் கம்பிகளும் வேண்டும், ஒன்று அறுந்தாலும் இறங்கிவிடும். கேபிளை மாற்றியும் அப்படியே இருந்தால் ரவுட்டரின் லேன் போர்ட்டே 100 ஆக இருக்கும், ஒரு கிகாபிட் ஸ்விட்ச் வாங்கி நாஸையும் கம்ப்யூட்டரையும் அதில் செருகுங்கள்.

வடசேரி: போனில் நாஸ் தெரிகிறது, லேப்டாப்பில் தெரியவில்லை. வைஃபை ஒன்றுதான்.

லேப்டாப் இருக்கிற வைஃபை பெயரை முழுதாகப் படித்துப் பாருங்கள் மக்கா, கடைசியில் கெஸ்ட் என்று இருக்கும். விருந்தாளிகளுக்கான அந்த வைஃபையிலிருந்து நாஸ் தெரியாது.