கெட்ட கனவை ஏன் தேடிப் போய்ப் பார்க்கிறோம்? சர்ரியல், டார்க் ஃபேண்டஸி படங்கள்: கேள்வி பதில்

கனவைப் போலத் தர்க்கத்துக்கு அடங்காத சர்ரியல் படங்களைப் பற்றியும், மாயக் கதையோடு இருளும் பயமும் கலந்த டார்க் ஃபேண்டஸி படங்களைப் பற்றியும் நீங்கள் கேட்டிருந்தவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன். சில இடங்களில் காட்சியை விவரித்தே ஆக வேண்டும். படம் பார்க்காதவர்கள் அந்தப் பத்திகளைத் தாண்டிப் போய்விடலாம்.

கேள்வி: பேய்ப் படத்துக்கும் டார்க் ஃபேண்டஸிக்கும் என்ன வித்தியாசம் சார்? ரெண்டுமே பயமுறுத்தத்தானே செய்யுது?

பேய்ப் படத்தில், அந்த வீட்டை விட்டு இவர்கள் எப்போது வெளியே ஓடுவார்கள் என்று காத்துக்கொண்டிருப்போம். டார்க் ஃபேண்டஸியில் பயந்துகொண்டே இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே இருக்கத் தோன்றும். அந்த உலகம் அழகாகவும் இருக்கும், அதற்கென்று கறாரான விதிகளும் இருக்கும்.

இயக்குநர் கியர்மோ டெல் டோரோவின் 'பேன்ஸ் லேபிரிந்த்' (2006) படத்தில் ஒரு விருந்து மண்டபம் வரும். நீளமான மேஜை, அது கொள்ளாமல் பழங்களும் பலகாரங்களும். மேஜையின் தலைமாட்டில் தோல் தொங்கும் வெளிறிய உருவம் ஒன்று அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. முகத்தில் கண் இல்லை, எதிரே தட்டில் இரண்டு கண்கள் கிடக்கின்றன. ஓரமாகக் குழந்தைகளின் செருப்புகள் குவிந்திருக்கின்றன. ஒஃபீலியா என்ற சிறுமிக்கு ஒரே விதிதான்: எதையும் சாப்பிடக் கூடாது. அவள் ஒரு திராட்சையை வாயில் போடுகிறாள். அந்த உருவத்தின் விரல்கள் மெல்ல அசைகின்றன. கண்களை எடுத்து உள்ளங்கைகளில் பொருத்தி, கைகளை முகத்துக்கு நேரே விரித்துப் பார்க்கிறது. அவளோ அதைக் கவனிக்காமல் இன்னொரு திராட்சையை எடுக்கிறாள்.

திடீரென்று அலறி நம்மைத் தூக்கிவாரிப் போட வைக்கும் வேலையே இங்கே இல்லை. எல்லாம் நம் கண்முன்னால் நிதானமாக நடக்கிறது. சொன்ன பேச்சை மீறினால் என்ன ஆகும் என்ற, பாட்டி கதைகளில் கேட்ட அந்தப் பழைய பயத்தை மட்டும் வைத்துக் காட்சியைக் கட்டியிருக்கிறார்.

கேள்வி: சர்ரியல் படம்னாலே எனக்கு ஒண்ணும் புரியறதில்லை. எல்லாரும் ஆஹா ஓஹோங்கிறாங்க. எனக்கு மட்டும்தான் இப்படியா?

உங்களுக்கு மட்டும் இல்லை. சில படங்கள் புரியக் கூடாது என்றே எடுக்கப்பட்டவை. 1929-இல் இயக்குநர் லூயி புனுவெலும் ஓவியர் சால்வடோர் டாலியும் 'அன் ஷியன் ஆண்டலூ' என்ற குறும்படத்தை எடுத்தார்கள். அது இரண்டு கனவுகளில் தொடங்கியது. சவரக் கத்தி கண்ணைக் கிழிப்பதைப் போல ஒரு மெல்லிய மேகம் நிலவைக் குறுக்கே வெட்டிப் போவதைப் புனுவெல் கனவில் கண்டிருந்தார். டாலியின் கனவில் வந்தது எறும்பு மொய்க்கும் கை. திரைக்கதை எழுதும்போது அறிவால் விளக்கம் சொல்லிவிட முடிகிற எதையும் சேர்ப்பதில்லை என்று இருவரும் முடிவு செய்துகொண்டார்கள். அப்படிப்பட்ட படத்தில் எறும்புக்கு என்ன அர்த்தம் என்று தேடினால் தலைவலிதான் மிஞ்சும்.

முதல் தடவை பார்க்கும்போது அர்த்தத்தைத் தேடாதீர்கள். எந்த இடத்தில் வயிறு சுருங்கியது, எந்த இடத்தில் காரணமே இல்லாமல் துக்கம் வந்தது என்பதை மட்டும் கவனியுங்கள். பார்த்த அன்றே விளக்க வீடியோவைத் தேடிப் போவதுதான் இந்தப் படங்களுக்கு நாம் செய்யும் பெரிய அநியாயம் என்பது என் கருத்து. இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு காட்சி விடாமல் கூடவே வந்தால், பிறகு நிதானமாக யோசிக்கலாம்.

கேள்வி: அப்படின்னா சம்பந்தா சம்பந்தமில்லாம எதையாவது எடுத்து வெச்சுட்டு சர்ரியல்னு சொல்லிடலாமே?

சொல்லலாம். பத்து நிமிடத்தில் சாயம் வெளுத்துவிடும். கனவு எவ்வளவு விநோதமாக இருந்தாலும், அதற்குள் இருக்கும்போது நமக்கு அது முழுக்க முழுக்க உண்மை. அந்த உண்மைத்தன்மையை நுணுக்கமான விவரங்களால்தான் கொண்டுவர முடியும்.

செக் இயக்குநர் யான் ஷ்வாங்க்மாயரின் 'ஆலிஸ்' (1988) படத்தில் வரும் முயலைப் பாருங்கள். அது உண்மையான முயல் தோலுக்குள் மரத்தூள் அடைத்த பொம்மை. கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து தன்னைத் தானே விடுவித்துக்கொண்டு கிளம்புகிறது. நேரம் பார்க்க வேண்டுமென்றால் தன் வயிற்றுக்குள்ளிருந்தே கடிகாரத்தை எடுக்கிறது, அதில் ஒட்டிய தூளை நக்கித் துடைக்கிறது. உள்ளே அடைத்திருக்கும் தூள் படம் நெடுக உதிர்ந்துகொண்டே இருக்கிறது. பேசும் முயலை எத்தனையோ படங்களில் பார்த்திருக்கிறோம். தன் உடம்பே கொட்டிப் போவதைப் பற்றி அலட்டிக்கொள்ளாமல் அவசரமாக வேலைக்கு ஓடும் இந்த முயலைத்தான் மறக்க முடிவதில்லை. ஒரு விநோதத்தை எடுத்துக்கொண்டு அதன் விளைவுகள் வரை பின்தொடர்ந்து போயிருக்கிறார். வெறும் குழப்படியில் இந்த உழைப்பு இருக்காது.

கேள்வி: கிராபிக்ஸ் வந்த பிறகு இந்த மாதிரிப் படங்களோட மேஜிக் போயிடுச்சா?

கிராபிக்ஸைக் குறை சொல்ல மாட்டேன். மேலே சொன்ன டெல் டோரோ படத்திலேயே அது நிறைய உண்டு. ஆனால் அந்த வெளிறிய உருவத்துக்குள் இருந்தது டக் ஜோன்ஸ் என்ற நடிகர். முகமூடியின் மூக்குத் துவாரங்கள் வழியாகத்தான் அவரால் வெளியே பார்க்க முடிந்தது. அந்தத் தடுமாறும் நடைக்கு ஓர் எடை இருக்கிறது. எதிரே நிற்கும் குழந்தைக்கும் பயப்பட ஒரு பொருள் கண்ணெதிரே இருக்கிறது. அந்த எடை கிடைத்துவிட்டால் போதும், எந்தக் கருவியால் செய்தார்கள் என்பது எனக்கு முக்கியமில்லை.

கேள்வி: அக்காவும் அம்மாவும், 'எப்பப் பாரு இருட்டும் ரத்தமும், உனக்கு மனசுல ஏதோ பிரச்சினை'ன்னு சொல்றாங்க. எனக்கு உண்மையிலேயே இந்தப் படங்கள் பார்த்தா மனசு லேசாகுது. இது தப்பா?

தப்பே இல்லை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஒஃபீலியாவின் கதை நடப்பது 1944-இல், உள்நாட்டுப் போர் முடிந்து சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சிக்குள் வந்துவிட்ட ஸ்பெயினில். அப்பா இல்லை. அம்மா கர்ப்பமாகப் படுத்த படுக்கை. அம்மா மறுமணம் செய்துகொண்ட ராணுவ கேப்டன் ஈவிரக்கம் இல்லாதவன். அந்தச் சிறுமியால் இதையெல்லாம் யாரிடம், என்ன வார்த்தையில் சொல்ல முடியும்? கேப்டன் விருந்து நடத்தும் மேஜையையும் அந்த வெளிறிய உருவத்தின் மேஜையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தலைமாட்டில் ஒருவன், அவனுக்குப் பின்னால் எரியும் கணப்பு, எதிரே நிறைந்த மேஜை. இரண்டு காட்சிக்கும் அமைப்பு ஒன்றுதான். வசனத்தில் ஒரு வார்த்தைகூட இல்லாமல், குழந்தைகளைத் தின்பவன் யார் என்று படம் சொல்லிவிடுகிறது.

நமக்கும் இப்படிப் பெயர் வைக்க முடியாத பயங்கள் உண்டு. துக்கம், அவமானம், வீட்டிலேயே இருக்கும் ஒருவரிடம் உள்ள அச்சம். "எல்லாம் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் அது குறைவதில்லை. அதே பயத்துக்குக் கையும் காலும் முகமும் கொடுத்து எதிரே உட்கார வைத்தால், இதைத் தூக்கிச் சுமப்பது நான் மட்டும் இல்லை என்று தெரிகிறது. உங்கள் மனசு லேசாவதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். வீட்டில் உள்ளவர்களுக்கு நீங்கள் விரும்புகிற படம் ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள், பக்கத்திலேயே உட்காருங்கள். ஒருவேளை தூக்கம் கெட ஆரம்பித்தால், பகலிலும் காட்சிகள் துரத்தினால், கொஞ்ச நாள் நிறுத்திவிடுங்கள். படங்கள் எங்கேயும் போய்விடாது.

கேள்வி: ஏழு வயசுப் பையனுக்கு 'பேன்ஸ் லேபிரிந்த்' காட்டலாமா? ஹீரோயின் சின்னப் பொண்ணுதானே.

வேண்டவே வேண்டாம். சித்திரவதைக் காட்சிகள் பெரியவர்களுக்கே தாங்காது. மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' (2001) என்ற ஜப்பானிய அனிமேஷன் படம் இருக்கிறது. அப்பா அம்மா பன்றிகளாக மாறும் இடத்தில் மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கையில காசில்லாம ஒரு டார்க் ஃபேண்டஸி குறும்படம் எடுக்கப் போறேன். எதைக் கவனிக்கணும் அண்ணா?

பழைய படங்களைப் பாருங்கள் தம்பி. 'டாக்டர் கலிகாரி' (1920) படத்தில் நிழல்களையே சுவரிலும் தரையிலும் பெயின்ட்டால் வரைந்தார்கள். வெளிச்சம் எங்கிருந்து வந்தாலும் அந்த நிழல் அசையாது, பார்க்கிற நமக்குக் காரணம் புரியாமலே உறுத்தும். ழான் காக்தோ 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' (1946) படத்தில் சுவரைத் துளைத்து ஆட்களின் கைகளை நீட்டச் சொல்லி மெழுகுவத்திகளைப் பிடிக்க வைத்தார். அவை தானாகவே பற்றிக்கொள்வதைக் காட்ட, ஒவ்வொன்றாக அணைப்பதைப் படமெடுத்துப் பின்னோக்கி ஓட்டினார். இன்று இதை உங்கள் போனிலேயே செய்யலாம்.

அடுத்தது சத்தம். டேவிட் லிஞ்ச் 'இரேசர்ஹெட்' (1977) படத்தைச் சில வருடங்கள் இழுத்துப் பறித்து எடுத்தார். அதில் வரும் குழந்தை உருவத்தை எப்படிச் செய்தார் என்று கடைசிவரை சொல்லவே இல்லை. ஆனால் அந்தப் படத்தில் பாதிப் பயம் காதில்தான் இருக்கிறது. லிஞ்சும் ஒலி வடிவமைப்பாளர் ஆலன் ஸ்ப்ளெட்டும் சேர்ந்து செய்த அந்த இயந்திர இரைச்சல் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். சாதாரண அறை, ஒரு கட்டில், பின்னால் அந்த 'ம்ம்ம்', அவ்வளவுதான். நீங்களும் ஃபிரிட்ஜ், மின்விசிறி, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்து ஓட விட்டுக் கேளுங்கள்.

திரைக்கதையில் உங்கள் உலகத்துக்கு ஒரே ஒரு விதி வையுங்கள். அதைப் பாத்திரங்களுக்குச் சொல்லுங்கள், பிறகு யாராவது ஒருவரை அதை மீற விடுங்கள். எடிட்டிங்கில் உட்காரும்போது, ஏன் இப்படி நடக்கிறது என்று விளக்கும் வசனம் கண்ணில் பட்டால் முதலில் அதை வெட்டுங்கள்.