அந்த அம்மாவின் பெயர் என்ன?

அன்புள்ள ஐயா,

லண்டனில் இருக்கும் என் சித்தப்பா மகன், தன் மனைவியின் முன்னோர்களை 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடி எடுத்துவிட்டான். யார் யார் இருந்தார்கள், என்ன வயது, என்ன வேலை, எல்லாம் வீட்டுக்காரரின் கையெழுத்திலேயே இருக்கிறது. நமது 1931 கணக்கெடுப்புத் தாள்களை எங்கே பார்க்கலாம்? எங்கள் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். அங்கே கல்லறைகளில் எழுத்து தேய்ந்துவிட்டது. ஆசிட் ஊற்றிக் கழுவலாமா? டிஎன்ஏ பரிசோதனை உதவுமா? பாளையங்கோட்டையில் 88 வயதில் ஒரு அத்தை இருக்கிறார், அவருக்கு இதெல்லாம் தெரியாது. இதுவரை தயாரித்த வம்சாவளியை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள தம்பி,

1931 தாள் கிடைக்காது. வீடு வீடாக எழுதியதை அட்டவணையாகத் தொகுத்ததோடு அந்தத் தாள்களின் வேலை முடிந்தது. நமக்கு மிஞ்சியவை எண்கள்தான். சுதந்திரத்துக்குப் பிந்தைய தாள்களைப் பார்க்க 1948 மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் விடாது. டிஎன்ஏ இப்போது வேண்டாம். ஆசிட் பக்கமே போகாதீர்கள்! சுண்ணாம்புச் சாந்தும் சலவைக்கல்லும் கரைந்து, இருக்கிற எழுத்தும் போய்விடும். இருட்டுகிற நேரத்தில் போய்ப் பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும், படித்துவிடலாம்.

வம்சாவளிக்கு வருகிறேன். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நான்கு தலைமுறை, பதினேழு பெயர்கள், அத்தனையும் ஆண்கள். மற்றபடி 'மனைவி', 'இரண்டாம் தாரம்', 'மகள், கட்டிக்கொடுத்தாச்சு'. இந்தப் பதினேழு பேரையும் பெற்றது யார்?

ஆவணத்திலேயே அப்படித்தானே இருக்கிறது என்பீர்கள். இருக்கிறதுதான். முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுத்தபோது, பெரும்பாலும் வடக்கே, பெண்கள் இன்னார் மனைவி, இன்னார் தாய் என்றே பதிந்திருந்தார்கள். சொந்தப் பெயரைச் சொல்லாத சுமார் 28 லட்சம் பேரை நீக்கிவிட்டார்கள். போன வருடம் எங்கள் ஊர்த் தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டைப் போதகர் ஐயர் எடுத்துக் கொடுத்தார். என் பூட்டன் பெயர், பக்கத்தில் 'மனைவி', வயது 31, பேதி. அவ்வளவுதான். அன்று அவருடைய மகளுக்கு, அதாவது என் ஆச்சிக்கு, நான்கு வயது. அந்த ஆச்சி தொண்ணூறு வயதுவரை எங்கள் வீட்டில்தான் இருந்தார். திண்ணையில் பனங்கிழங்கு உரித்துத் தருவார், நான் மடியில் படுத்துத் தின்பேன். "உங்க அம்மா பேர் என்ன ஆச்சி?" என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. இப்போது கேட்க ஆள் இல்லை.

உங்கள் தாளின் ஓரத்தில் 'பூட்டனின் தங்கை, நேட்டால் போனவள்' என்று ஒரு வரி இருக்கிறது. அவரைத் தேடுங்கள். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பட்டியல்கள் இருக்கின்றன. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடம்பிலுள்ள அடையாளம் எல்லாம் எழுதியிருப்பார்கள். பெண்ணுக்கும் தனி எண், சொந்தப் பெயர். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் கணக்கு வேண்டியிருந்தது, அதற்காக எழுதினார்கள். கடல் தாண்டிப் போனவருக்குக் கிடைத்த அந்த ஒரு வரி, ஊரிலேயே இருந்து செத்த என் பூட்டிக்குக் கிடைக்கவில்லை.

ஞானஸ்நானப் பதிவேட்டில் பேத்திகளின் பெயரையும் பாருங்கள். பாட்டி பெயரைத்தான் பேத்திக்கு வைப்பார்கள். ஆனால் மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லமாட்டாள் என்பதால் பிள்ளையை வீட்டில் பாப்பா, கண்ணு என்று கூப்பிட்டிருப்பார்கள். அசல் பெயர் பதிவேட்டில் இருக்கும்.

அப்புறம், அத்தைக்கு ஒன்றும் தெரியாது என்று யார் சொன்னது? வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போங்கள். போனை முகத்துக்கு நேரே நீட்டாமல் பக்கத்தில் உட்காருங்கள். முதலில் அவருடைய அம்மாவின் பெயரைக் கேளுங்கள், பிறகு அந்த அம்மாவின் அம்மா.