‘இது சுத்தம்தானே?’ என்று நாற்பதாவது முறை கேட்கும் பிள்ளை

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை: அழுக்கு, கிருமி, தொற்று என்ற பயத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளும், அவர்களோடு சேர்ந்து மாட்டிக்கொண்ட வீட்டாரும். ஓசிடி என்று எல்லோரும் சொல்லும் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு முகம் இது. நோய் பிள்ளைக்குத்தான். ஆனால் அதற்குத் தெரியாமல் தீனி போடுவது பெரும்பாலும் பிள்ளை மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். அதனால் சில பதில்கள் கொஞ்சம் கசக்கலாம்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. ஒரு தடவை கை கழுவப் போனால் கால் மணி நேரம். ஆனால் அவன் அறை குப்பைமேடு மாதிரி கிடக்கிறது. “சுத்தம் பார்க்கிறவன் இப்படியா இருப்பான்? வேஷம் போடுகிறான்” என்கிறார் என் கணவர்.

வேஷம் இல்லை. இந்த நோய்க்கும் சுத்த உணர்வுக்கும் நாம் நினைக்கிற அளவுக்கு உறவில்லை. மூளை ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அது கதவுக் கைப்பிடியோ, செருப்போ, யாரோ இருமிய காற்றோ, “ஆபத்து” என்று மணி அடிக்கிறது. அறையில் கிடக்கும் துணிக் குவியலுக்கு அந்த மணி அடிப்பதில்லை. சொல்லப்போனால், அந்தக் குவியலைத் தொடவே பயந்து அப்படியே விட்டிருக்கவும் கூடும். ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

சுத்தம் விரும்புகிறவருக்குக் கழுவி முடித்ததும் திருப்தி வரும். இவனுக்கு வருவது கொஞ்ச நேர நிம்மதி, அதுவும் அடுத்த சந்தேகம் வரும்வரை. இந்த எண்ணங்களும், திரும்பத் திரும்பக் கழுவுவது போன்ற சடங்குகளும் சேர்ந்து தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்கினாலோ, பள்ளி, தூக்கம், நட்பு என்று எதையாவது கெடுத்தாலோ, மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. பத்து வயதை ஒட்டித் தொடங்குவது இந்த நோயில் சகஜம்.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. “அம்மா, இதைத் தொட்டுட்டேன், ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்கிறாள். “ஆகாதுடா” என்றால் அடங்குகிறாள். சொல்லாவிட்டால் அழுகிறாள். சொல்வதா, வேண்டாமா?

வந்த கேள்விகளில் முக்கியமானது இதுதான் என்பேன்.

கொசு கடித்த இடத்தைச் சொறிவதை நினைத்துப் பாருங்கள். சொறியும்போது சுகம், கையை எடுத்ததும் முன்னைவிட அதிக அரிப்பு. உங்கள் “ஆகாதுடா” அந்தச் சொறிதல்தான். ஒவ்வொரு முறை நீங்கள் சொல்லும்போதும் அவள் மூளை இரண்டு பாடம் படிக்கிறது: ஒன்று, அம்மா சொன்னதால்தான் தப்பித்தோம், இரண்டு, இந்தப் பதற்றத்தை நம்மால் தாங்க முடியாது. இரண்டுமே பொய். ஆனால் ஒரு நாளைக்கு நாற்பது முறை படித்தால் எந்தப் பொய்யும் மனப்பாடம் ஆகிவிடும்.

அதற்காக நாளை காலையே வாயை மூடிக்கொள்ள வேண்டாம். குழந்தையைக் கைவிட்ட மாதிரி ஆகிவிடும். அவள் நிம்மதியாக இருக்கும் ஒரு நேரத்தில் உட்கார்ந்து பேசுங்கள். நோய்க்கு அவளையே ஒரு பெயர் வைக்கச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் இதில் அசத்துவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு சிறுமி அதற்கு வைத்த பெயர் “வம்பு மாமா”. பெயர் வந்துவிட்டால் சண்டை உங்களுக்கும் மகளுக்கும் நடுவில் இல்லை. நீங்கள் இருவரும் ஒரு பக்கம், அது மறுபக்கம். அப்புறம் ஒரு உடன்பாடு: ஒரு விஷயத்துக்கு ஒரு முறைதான் பதில். அதே கேள்வி திரும்ப வந்தால் நீங்கள் சொல்லப்போகும் வாக்கியத்தை முன்கூட்டியே இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். “கேட்பது நீயில்லை, அது. உனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று தெரிகிறது, நான் இங்கேயே இருக்கிறேன்.” அவ்வளவுதான். அணைத்துக்கொள்ளலாம், பக்கத்தில் உட்காரலாம். உறுதிமொழி மட்டும் கிடையாது.

கிருமிகள் பற்றி விளக்கம் சொல்லி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். நீங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்று நிரூபித்தால், நோய் அந்த மீதி ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். அது கேட்பது முழு நிச்சயம். அது உலகத்தில் யாரிடமும் இல்லை.

முதல் சில நாட்கள் அழுகை கூடும். கூடினால் தவறு செய்கிறோம் என்று அர்த்தமில்லை. ஆனால் ஐந்தாவது அழுகையில் மனம் இளகிப் பதில் சொல்லிவிட்டால், “இன்னும் கொஞ்சம் அழுதால் கிடைக்கும்” என்றாகிவிடும். தாங்க முடியாது என்று தோன்றும் இடத்தில் தொடங்காமல், உங்களால் உறுதியாக நிற்க முடிந்த ஒரு சின்ன இடத்தில் தொடங்குங்கள்.

கேள்வி: பையனுக்கு வயது 15. குளியலறையில் இரண்டு மணி நேரம். பொறுக்க முடியாமல் தண்ணீர்க் குழாயை வெளியே இருந்து மூடினேன். இன்னொரு நாள் கையைப் பிடித்துக் குப்பைத் தொட்டியைத் தொட வைத்தேன். பயத்தை நேருக்கு நேர் பார்த்தால் போய்விடும் என்று படித்தேன். இப்போது என்னிடம் பேசுவதே இல்லை.

நீங்கள் படித்தது பாதி சரி. லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கழுவுவதே வாழ்க்கையாகிப்போன ஒரு பெண்ணின் அறையில் அவர் குழாயை மூடத்தான் செய்தார். ஆனால் அது மருத்துவமனை; விழித்திருக்கும் நேரமெல்லாம் செவிலியர்கள் கூடவே இருந்தார்கள்; பயப்படும் பொருட்களைத் தொடுவதும் சிகிச்சைத் திட்டத்தின் பகுதி. இன்றைய சிகிச்சை அதிலிருந்து வளர்ந்ததுதான்: பயப்படுவதை நெருங்க வேண்டும், நெருங்கிய பிறகு கழுவாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதிதான் மருந்து.

ஆனால் இன்று எந்தச் சிகிச்சையாளரும் பிள்ளையின் கையைப் பிடித்து அழுத்த மாட்டார். ஏணி கட்டுவார்கள். எந்தப் பொருள் எவ்வளவு பயம் என்று பையனே 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுவான். குப்பைத் தொட்டி 90 என்றால், அவனுடைய சொந்தப் பையின் வெளிப்பக்கம் 25ஆக இருக்கலாம். 25ல் தொடங்கி, தொட்ட கையோடு பத்து நிமிடம் உட்கார்ந்து, பதற்றம் ஏறுவதையும் அது தன் பாட்டுக்கு நகர்வதையும் அவனே கவனிக்க வேண்டும். முழுக்க இறங்காவிட்டாலும் பரவாயில்லை. “கழுவவில்லை, ஆனாலும் தாங்கினேன்” என்று தெரிந்தால் அன்றைய பாடம் முடிந்தது. நீங்கள் 90ல் தொடங்கினீர்கள், அதுவும் அவன் சம்மதம் இல்லாமல். அவன் கற்றது, அப்பா ஆபத்தானவர் என்பது மட்டும்தான்.

முதலில் மன்னிப்புக் கேளுங்கள். “ஆனால்” என்ற சொல் வராத மன்னிப்பாக இருக்கட்டும். பிறகு, இந்த முறையில் பயிற்சி பெற்ற சிகிச்சையாளரைத் தேடுங்கள். போகும் இடத்தில் “தொட்ட பிறகு கழுவாமல் இருக்கும் பயிற்சி கொடுப்பீர்களா?” என்று நேராகவே கேட்கலாம். ஓய்வெடு, மனதைத் திசை திருப்பு என்று மட்டும் சொல்லும் ஆலோசனை இந்த நோய்க்குப் போதாது.

கேள்வி: என் தம்பிக்காக வீடே மாறிவிட்டது. வெளியே போய் வந்தால் நான் நேராகக் குளிக்க வேண்டும், அவன் நாற்காலியில் உட்காரக் கூடாது, என் தோழிகள் வரக் கூடாது. எனக்கு 17 வயது. அவனைப் பார்த்தாலே கோபம் வருகிறது, கோபப்பட்டதற்காகக் குற்ற உணர்வும் வருகிறது.

உங்கள் கோபம் நியாயமானது. அது நோயின் மேல் போகட்டும், தம்பி மேல் வேண்டாம். சொல்ல எளிது, எனக்கும் தெரியும்.

நீங்கள் தனியாகச் சட்டத்தை மீறினால் வீட்டில் போர்தான் நடக்கும். அப்பா அம்மாவோடு உட்கார்ந்து, முதலில் எந்த ஒரு சட்டத்தை எடுப்பது என்று தேர்ந்தெடுங்கள். உதாரணமாக, நாற்காலி. எந்தத் தேதியிலிருந்து என்பதைத் தம்பியிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். “உன்னைத் தண்டிக்க இல்லை, நோய்க்கு நாங்கள் வேலை செய்வதை நிறுத்தப் போகிறோம்” என்று சொல்லுங்கள். அன்றிலிருந்து எல்லோரும் அந்த நாற்காலியில் உட்காருங்கள். ஒருவர் உட்கார்ந்து மற்றவர் துடைத்துக் கொடுத்தால் எல்லாம் வீண். தோழிகள் விஷயத்தைப் பெற்றோரிடம் தனியாகக் கேளுங்கள். உங்கள் 17 வயதும் திரும்பி வராது.

கேள்வி: மருத்துவர் மாத்திரை எழுதியிருக்கிறார். பழக்கமாகிவிடுமா? சிகிச்சை மட்டும் போதாதா?

மிதமான நோய்க்குப் பேச்சு வழிச் சிகிச்சையை, அதாவது மேலே சொன்ன ஏணிப் பயிற்சி போன்றதை, முதலில் முயல்வது வழக்கம். கடுமையாக இருந்தால் இரண்டும் சேர்வது நல்லது. அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையிலான 112 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வு 2004ல் வெளிவந்தது. அறிகுறிகள் ஏறக்குறைய முற்றிலும் அடங்கியவர்கள், இரண்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 54 பேர். பேச்சு வழிச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39. செர்ட்ரலின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 21. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 4.

செர்ட்ரலின் போன்றவை போதை தரும் மாத்திரைகள் அல்ல. ஆனால் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம், மூன்றாவது வாரத்தில் “வேலை செய்யவில்லை” என்று விட்டுவிடாதீர்கள். தொடங்கிய முதல் வாரங்களிலும் அளவு மாறும்போதும் பிள்ளையைக் கூர்ந்து கவனியுங்கள். வழக்கத்துக்கு மாறான பரபரப்பு, எரிச்சல், சாவு பற்றிய பேச்சு எதுவாக இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். இளம் வயதினருக்கு இந்த எச்சரிக்கை உண்டு.

கேள்வி: 16 வயது மகள். கிருமி பயம் இல்லை என்கிறாள். ஆனால் வகுப்பில் ஒரு மாணவியின் பெயரைக் கேட்டாலே கழுவப் போகிறாள். இதுவும் அதுதானா?

ஆம். மனத்தளவில் ஒட்டும் அழுக்கு என்று சொல்லலாம். ஸ்டான்லி ராக்மன் என்ற உளவியலாளர் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கையில் எதுவும் படாமலே, ஒரு நினைவு, ஒரு முகம், ஒரு பெயர் போதும். உள்ளேயே அசுத்தமான உணர்வு வரும். தண்ணீர் அதைத் தொடாது என்பதால் கழுவுதல் முடிவே இல்லாமல் நீளும். சிலருக்கு இதன் பின்னால் அவமானம், துரோகம், அத்துமீறல் இருப்பதுண்டு. எல்லோருக்கும் அல்ல. எனவே துருவிக் கேட்க வேண்டாம், ஆனால் அவள் சொல்ல வந்தால் காது கொடுங்கள். சிகிச்சையாளரிடம் இந்த விவரத்தைத் தவறாமல் சொல்லுங்கள்.

கேள்வி: அண்ணன் மகனுக்கு 19 வயது. “எனக்கு ஒன்றுமில்லை” என்று மருத்துவரிடம் வர மறுக்கிறான். நாங்கள் என்ன செய்ய முடியும்?

நிறைய. அவன் வராவிட்டாலும் அண்ணனும் அண்ணியும் போகலாம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஈலை லெபோவிட்ஸ் என்ற உளவியலாளர் உருவாக்கிய ஒரு சிகிச்சை முறையில் பிள்ளை வரவே வேண்டாம். பெற்றோர் மட்டுமே பயிற்சி பெறுகிறார்கள். பதற்ற நோய் உள்ள சிறுவர்களிடம் நடத்திய ஆய்வில், பிள்ளையே நேரில் பெற்ற சிகிச்சைக்கு இது குறைவாக இல்லை என்று தெரிந்தது. சாரம் இரண்டே விஷயம்: “உனக்கு இது கஷ்டம், எனக்குப் புரிகிறது, உன்னால் தாங்க முடியும் என்றும் நம்புகிறேன்” என்று சொல்லிக்கொண்டே இருப்பது, கூடவே, நோய்க்காகத் தாங்கள் செய்துவரும் வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்துவது. இதில் மாற வேண்டியது அவன் நடத்தை அல்ல, பெரியவர்களின் நடத்தை. அதனால் அவன் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

தொட்டதைச் சாப்பிடப் பயந்து சாப்பாட்டைக் குறைத்தாலோ, கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ மட்டும் பொறுமை வேண்டாம். உடனே மருத்துவ உதவி தேவை.

கேள்வி: 7 வயதுக் குழந்தை. போன வாரம்வரை நன்றாக இருந்தான். ஒரே நாளில் எதையும் தொட மாட்டேன் என்கிறான், பேனா பிடித்து எழுதவும் முடியவில்லை.

குழந்தைகள் நல மருத்துவரிடம் இன்றே காட்டுங்கள். சமீபத்தில் தொண்டை வலியோ காய்ச்சலோ வந்திருந்தால் சொல்லுங்கள். சில வகைத் தொற்றுக்குப் பிறகு இப்படித் திடீரென்று தொடங்குவது உண்டு. 1998ல் இருந்தே மருத்துவ இதழ்கள் அதைப் பேசிவருகின்றன. கையெழுத்து கெட்டதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

கேள்வி: மகள் ஏழெட்டு மாதம் நன்றாக இருந்தாள். தேர்வு நெருங்கியதும் மறுபடி கழுவ ஆரம்பித்துவிட்டாள். எல்லாம் வீணா?

இல்லை. தேர்வு, ஊர் மாற்றம், காய்ச்சல் பரவும் பருவம் என்று அழுத்தம் கூடும்போது இந்த நோய் தலைகாட்டுவது வழக்கம். போன முறை அவள் கட்டிய ஏணியை எடுத்து, இப்போது எந்தப் படியில் நிற்கிறாள் என்று அவளையே பார்க்கச் சொல்லுங்கள். சிகிச்சையாளரிடம் ஒன்றிரண்டு முறை போய் வந்தால் போதுமானதாகவும் இருக்கலாம். “தேர்வு முடியட்டும், அதுவரை அவள் சொல்வதைக் கேட்போம்” என்ற யோசனை வீட்டில் யாருக்காவது வந்திருக்கும். அதை மட்டும் ஏற்காதீர்கள். அந்த இடைவெளியில் நோய் வசதியாக உட்கார்ந்துகொள்ளும்.