ஜல்லிக் கல்லை விழுங்கும் லாப்ரடார் குட்டிக்கு

வணக்கம். வீட்டு வேலைக்காகக் கொட்டிய ஜல்லியை உங்கள் எட்டு மாத லாப்ரடார் மென்று விழுங்குவதாகவும், பிடுங்கப் போனால் இன்னும் வேகமாக விழுங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டாவது செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாம் பதறிக்கொண்டு ஓடும்போது, வாயில் இருப்பதைப் பறிகொடுப்பதைவிட விழுங்கிவிடுவதே மேல் என்று நாய் பழகிக்கொள்கிறது. எங்கள் நாயும் அப்படித்தான் இருந்தது. துரத்துவதை விட்டுவிட்டு, வேகவைத்த கோழித் துண்டை மூக்கருகே நீட்டி 'விடு' என்று சொல்லிப் பல நாள் பழக்கிய பிறகே, எச்சில் ஒழுகும் கல்லை என் உள்ளங்கையில் போடத் தொடங்கியது.

பல் முளைக்கும் தினவு பெரும்பாலும் ஏழு மாதத்துக்குள் அடங்கிவிடும். சலிப்பு காரணமாக இருக்கலாம். ஆனால் குடற்புழு, உண்ணிக் காய்ச்சலால் வரும் இரத்தசோகை, செரிமானக் கோளாறு ஆகியவையும் உணவல்லாதவற்றைத் தின்னத் தூண்டும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஈறு கருநிறமாக இருந்தால் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள். வெளிறியிருந்தால் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கல்லை வாந்தியெடுக்க வைக்க உப்பு நீர் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள், தயவுசெய்து வேண்டாம். உப்பே நஞ்சாகலாம், மேலே வரும் கல் உணவுக்குழாயில் சிக்கலாம். தொடர் வாந்தி, உணவு மறுப்பு, மலம் கழிக்க முடியாமை, வயிற்றைத் தொட்டால் முனகுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். எக்ஸ்ரேயில் கல் பொதுவாகத் தெளிவாகத் தெரியும். இன்றைக்கே ஜல்லிக் குவியலைத் தார்ப்பாயால் மூடிவிடுங்கள்.