புல்லே இல்லாத தரைக்குத் தண்ணீர் எதுக்கு?

கேள்வி: ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை பார்க்க நம் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். ஆட்டத்துக்கு முன்னால் ஸ்பிரிங்க்ளர் வைத்து அவ்வளவு பெரிய தரையையும் நனைத்தார்கள். அது பிளாஸ்டிக் புல்தானே? எங்கள் தெருக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வருகிறது. வயிறு எரிந்தது ஐயா!
– செல்லூர் வாசகி

பதில்: எனக்கும் எரிந்ததும்மா. டிசம்பர் 2, இந்தியா சுவிட்சர்லாந்தை 5-0 என்று அடித்த அன்று நானும் கேலரியில் இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஸ்பிரிங்க்ளரைப் பார்த்துவிட்டு, "நாத்து நடப் போறாய்ங்களா?" என்றார்.

விஷயம் இதுதான். டர்ஃப் என்கிற அந்தப் பிளாஸ்டிக் புல் விரிப்பு காய்ந்து கிடந்தால் பந்து இழுத்து இழுத்து நிற்கும், துள்ளும். நனைத்துவிட்டால் சர்ரென்று வழுக்கிக்கொண்டு போகும். ஆட்டக்காரர் சறுக்கி விழுந்தாலும் முழங்காலில் தோல் உரியாது. அன்றைக்குப் பெனால்டி கார்னர் அடிக்கும்போது கவனித்தீர்களா, மட்டை பட்ட இடத்தில் ஒரு கைப்பிடி தண்ணீர் விசிறியது! 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம், அதுபோக ஓரத்தில் விடுகிற இடம், எல்லாவற்றையும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நனைப்பதென்றால் பல ஆயிரம் லிட்டர் ஆகும். உலக ஹாக்கி சங்கத்துக்கும் இந்தக் கவலை உண்டு, அதனால்தான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முன்பைவிடக் குறைந்த தண்ணீர் போதுமான டர்ஃபைப் போட்டார்கள். தண்ணீரே கேட்காத டர்ஃப் வருகிற வரைக்கும், அழகர் இறங்குவதற்காக வைகை அணையைத் திறந்துவிடுகிற ஊர்க்காரர்களான நாம் இதையும் ஒரு திருவிழாக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கேள்வி: வெளிநாட்டுக்காரன் வந்தால்தான் ரோட்டுக்குத் தார் போடுவார்களா?
– திருப்பரங்குன்றம் வாசகர்

பதில்: மாப்பிள்ளை வீட்டார் வருகிற அன்றைக்கு முன்வாசலுக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பது நம் வீட்டுப் பழக்கமும்தானே! ஆனால் முன்வாசல்கூடச் சில சமயம் ஏமாற்றிவிடும். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டி அக்டோபர் 3-ல் தொடங்க வேண்டும், செப்டம்பர் 21-ல் பிரதான ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த நடைபாலம் சரிந்து தொழிலாளர்கள் காயமடைந்தார்கள். வீரர்கள் தங்கும் அறைகளில் இருந்த அசிங்கத்தைப் போட்டோ பிடித்து உலகமே போட்டது. ஏழு வருஷம் முன்னாலேயே கிடைத்த போட்டி அது.

இதற்கு நேர்மாறாக 2022 செஸ் ஒலிம்பியாட். உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யாவிடமிருந்து எடுத்து நமக்குக் கொடுத்தார்கள், நாலே மாதத்தில் மாமல்லபுரத்தில் நடத்திக் காட்டினோம். பெருமைதான், இருந்தாலும் சதுரங்கத்துக்கு வேண்டியது நல்ல ஹால், மேசை, கரண்ட், தங்க இடம். ஹாக்கிக்கு அப்படி முடியாது. அடித்தளத்தை மட்டம் பார்த்து, தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்து, மேலே கார்பெட்டை ஒட்டி, பந்து உருளுவதையும் துள்ளுவதையும் அளந்து பார்த்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். டிவி கேமராவுக்குப் போதுமான ஃபிளட்லைட் வேண்டும், ஊக்கமருந்து சோதனைக்குத் தனி அறை வேண்டும். 24 அணிகள் வந்த போட்டி இந்த ஜூனியர் உலகக் கோப்பை. இறுதி ஆட்டம் உட்படப் பெரிய பங்கு சென்னைக்கு, மிச்சம் மதுரைக்கு. பாகிஸ்தான் வரவில்லை என்றதும் ஓமனைக் கூப்பிட்டார்கள், அந்த ஓமன் இங்கே வந்து நம்மிடம் 17 கோல் வாங்கிக்கொண்டு போனது தனிக்கதை, பாவம்.

தார் விஷயத்துக்கு வருகிறேன். டீம் பஸ் போகாத தெருவிலும் குழி உண்டு என்பதை எழுதிக்கொண்டேதான் இருக்க வேண்டும். என் தெருவும் அதில் ஒன்று, சொல்லிவிட்டேன்.

கேள்வி: மதுரையில் ஒலிம்பிக் நடக்குமா?
– மேலூர் பள்ளி மாணவர்

பதில்: நடக்காது தம்பி, நடக்கவும் வேண்டாம். 2030 காமன்வெல்த் போட்டியே அகமதாபாத்துக்குப் போய்விட்டது. 1976-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரம் ஒலிம்பிக் நடத்தியது, அந்தக் கடனை அடைத்து முடித்தது 2006-ல். ஒலிம்பிக் ஹாக்கியில் முதன்முதலாகச் செயற்கைப் புல் விரித்ததும் அங்கேதான். 1928-லிருந்து ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் ஹாக்கி பதக்கம் வாங்கிவந்த இந்தியா அந்தத் தரையில் ஏழாவது இடத்துக்குப் போனது. நம் பையன்கள் புல்லிலும் மண்ணிலும் ஆடிப் பழகியவர்கள், என்ன செய்வார்கள்?

கேள்வி: போட்டி முடிந்தது, இந்தியாவுக்கு வெண்கலமும் கிடைத்தது. இனி அந்த ஸ்டேடியம் என்னவாகும்?
– வில்லாபுரம் வாசகர்

பதில்: மேலே மான்ட்ரியல் கதை சொன்னேனே, அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. டர்ஃபில் ஆடிப் பழகாத பிள்ளை டர்ஃபில் ஜெயிக்காது, அந்த டர்ஃப் இப்போது நம் ஊரிலேயே விரித்துக் கிடக்கிறது. அதைச் சும்மா போட்டு வைத்தாலும் வெயிலில் வெளுத்து, தூசி படிந்து, பாசி பிடித்து வீணாகும். ஆடினாலும் தேயும், சுமார் பத்து வருஷத்தில் மாற்றத்தான் வேண்டும். அப்படியென்றால் ஆடியே தேயட்டும். விழாவுக்கு மேடை போடவும் கார் நிறுத்தவும் அந்தப் பக்கம் யாரையும் விடாமல் இருந்தால் சரி.

ஒரு வேலை செய்யுங்கள். காலை ஆறு மணிக்கு ஒருநாள் அந்தப் பக்கம் வாக்கிங் போய், கேட் திறந்திருக்கிறதா, உள்ளே பிள்ளைகள் மட்டையோடு நிற்கிறார்களா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் எத்தனை நாள் பூட்டியிருந்தது என்று எண்ணி எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.