அரிசி மெல்லுகிறவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். வயது 34. எட்டு வருடமாக ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை எத்தனை விழுங்கியும் ஹீமோகுளோபின் 8-ஐத் தாண்டவில்லை. சென்ற ஆண்டு ஒரு டாக்டர் ரத்தப் பரிசோதனையும், எண்டோஸ்கோப்பி வழியாகக் குடலில் துணுக்கு எடுத்துப் பரிசோதனையும் செய்து, சீலியாக் நோய் என்றார். ஆயுள் முழுக்கக் கோதுமை கூடாதாம். எனக்கு வயிற்றுவலி, பேதி எதுவும் கிடையாது. சின்ன வயதிலிருந்து பச்சரிசி மெல்லும் பழக்கம் மட்டும் உண்டு. (என் ஏழு வயது மகளும் இப்போது மெல்லுகிறாள். வம்சம்!) பத்து மாதமாகக் கோதுமையை விட்டிருக்கிறேன். ஹீமோகுளோபின் 11.4 ஆகிவிட்டது. மத்தியானம் தூங்காமல் இருக்க முடிகிறது. ரத்தத்தில் இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் அளவும் இயல்புக்கு வந்துவிட்டது. அப்படியென்றால் குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

ஆவணியில் நாத்தனாருக்குக் கல்யாணம். அல்வா இல்லாத பந்தி எங்கள் பக்கம் கிடையாது. "நாட்டுச் சம்பா கோதுமை, அதுவும் பாலை வடிகட்டித்தானே கிண்டுதோம், ஒரு வாய் தின்னா ஒண்ணுஞ் செய்யாது" என்கிறார் மாமியார். உண்மையிலேயே தின்றால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. தொந்தரவே தராத நோய்க்காக அவர் மனதை நோகடிக்க வேண்டுமா? இது நம் ஊர் நோயும் இல்லையே?

ச.

*

அன்புள்ள ச.,

உங்கள் கேள்வி கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. நான் நடுவிலேயே, அந்தப் பச்சரிசியில் நின்றுவிட்டேன். சில மாதங்களாகவே என் அத்தையின் நினைப்பு வந்துகொண்டிருந்தது. நீங்கள் அவளை நேரில் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டீர்கள்.

சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றங்கரை ஊர். அத்தை சொளவில் அரிசி புடைக்க உட்கார்ந்தால், எழுந்திருக்கும்போது உலைக்கு அளந்த அரிசி காணாது. எந்நேரமும் வாய் நறநறக்கும். "ஏட்டி, அரிசியத் தின்னா கல்யாணத்துல மழ பெய்யும்" என்று ஆச்சி வைவாள். அப்படியே பெய்தது. பந்தலுக்குள் கணுக்கால் தண்ணீர், பந்தியைத் திண்ணைக்கு மாற்றினார்கள். ஊரே மணப்பெண்ணைப் பார்த்துச் சிரித்தது. ஐப்பசியில் முகூர்த்தம் குறித்த பெரியவர்களைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை.

அரிசி, சாம்பல், செங்கல் துண்டு என்று மெல்லத் தோன்றுவது பல சமயம் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். எங்கள் வீட்டில் அது வேடிக்கை. அத்தை வெளிறியிருந்தாள். அதற்கும் ஒரு பெயர் இருந்தது, நல்ல நிறம். பெண் நல்ல நிறம் என்று சொல்லித்தான் கட்டிக்கொண்டு போனார்கள்.

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஒருநாள் குளித்துவிட்டுப் படித்துறை ஏறும்போது மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் கண்ணிமையை இழுத்துப் பார்த்த டாக்டர் ஒன்றும் பேசவில்லை. ஹீமோகுளோபின் 5. "அவளுக்கு ஒரு தொந்தரவும் கெடையாதே அய்யா" என்று ஆச்சி வராந்தாவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ரத்தம் ஏற்றினார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். அத்தை என்னை அருகில் கூப்பிட்டு, திருட்டுத்தனம் செய்தவள் போலக் கேட்டாள்: "ஏல, படி ஏறுனா ஒனக்கு மூச்சு வாங்காதா? எல்லாத்துக்கும் வாங்கும்னுல்லா நெனச்சேன்."

அத்தைக்குச் சீலியாக் இருந்தது என்று சொல்ல வரவில்லை. கொக்கிப்புழுவாக இருக்கலாம், மாதாமாதம் போன ரத்தமாக இருக்கலாம். யாரும் தேடவில்லை, அவ்வளவுதான். நான் சொல்லவந்தது அவள் கேட்ட கேள்வியைப் பற்றி. தொந்தரவு இல்லை என்று அவள் சொன்னது பொய்யில்லை. தொந்தரவு இல்லாத ஒருநாளைக்கூட அவள் வாழ்ந்து பார்த்ததில்லை. பிறகு எதோடு ஒப்பிட்டுச் சொல்வாள்?

நீங்களும் அதையேதான் செய்கிறீர்கள். ஒரு தொந்தரவும் இல்லை என்று எழுதிவிட்டு, நாலு வரி தள்ளி, இப்போது மத்தியானம் தூங்காமல் இருக்க முடிகிறது என்கிறீர்கள். முப்பத்துநாலு வயதில் மத்தியானம் உட்கார்ந்த இடத்தில் கண் செருகுவது தொந்தரவு இல்லையா? அதற்கு என்ன பெயர் வைத்திருந்தீர்கள்? சோம்பேறித்தனம் என்றுதானே? மாமியார் அப்படிச் சொல்லியிருப்பார், நீங்களும் நம்பியிருப்பீர்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தால்தான் இங்கே நோய். மற்றதெல்லாம் சுபாவம்.

ஏன் வலிக்கவில்லை என்றும் கொஞ்சம் பார்ப்போம். கோதுமையில் உள்ள க்ளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும் உங்கள் எதிர்ப்புச் சக்தி உங்கள் குடலையே தாக்குகிறது. பள்ளிக்கூடத்தில் குடலுறிஞ்சிகள் என்று படித்தோமே, சிறுகுடலின் உள்சுவரில் விரல் விரலாக நிற்பவை, அவை தேய்ந்து தரைமட்டமாகிவிடும். சேதம் பெரும்பாலும் இரைப்பையை ஒட்டிய முதல் பகுதியில். உடம்பு இரும்பை வாங்கிக்கொள்ளும் இடமும் அதுதான். கீழே இன்னும் பல அடி நீளத்துக்குக் குடல் இருக்கிறது, அது முடிந்தவரை சமாளிக்கிறது. ஆகவே பேதியில்லை, வலியில்லை. மாத்திரை மட்டும் எட்டு வருடம் சாக்கடைக்குப் போயிற்று. இப்படியே விட்டால் எலும்பு தேயும், கரு தங்காமல் போகலாம், அபூர்வமாகக் குடலில் புற்றுநோய்கூட வரலாம். இவற்றில் பலவும் சத்தம் போடாமல்தான் வரும்.

இனி நான் கோபப்பட வேண்டிய இடம். எதிர்ப்பொருள் குறைந்துவிட்டது, அதனால் குணமாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். படித்த பெண் எழுதுகிற எழுத்தா இது? கோதுமையை நிறுத்தியதால் குறைந்தது. அது குணமானதன் சான்றிதழ் இல்லை, பத்தியம் வேலை செய்கிறது என்பதற்கான சான்றிதழ். குடை பிடித்து நனையாமல் வந்தவர், நனையவில்லையே என்று நடுரோட்டில் குடையை மடக்குவாரா? மறுபடி தின்றால் மறுபடி எல்லாம் திரும்பும். தின்ற அன்றைக்கே உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து. வயிறு வலிக்கிறவருக்கு ஒரு காவல்காரன் இருக்கிறான். உங்களுக்கு அவனும் இல்லை. காகிதத்தில் வரும் எண்களை நம்பி மட்டுமே நீங்கள் நடக்க முடியும்.

நம் ஊர் நோய் இல்லையாம். வடக்கே நூற்றுக்கு ஒருவர் என்றால், தெற்கே ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒருவர், அது சரிதான். ஆனால் அதற்குரிய மரபணு நம்மிடம் குறைவில்லை. தட்டில் கோதுமைதான் குறைவாக இருந்தது. இப்போது சர்க்கரை வந்தால் ராத்திரி சப்பாத்தி, விருந்தாளி வந்தால் பரோட்டா, அவசரத்துக்குச் சேமியா. (சர்க்கரைக்கு மருந்து சப்பாத்தி என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. நாலு சப்பாத்தியை உருளைக்கிழங்கோடு தின்றுவிட்டுப் பத்தியம் இருந்ததாகப் படுக்கப் போகிறவர்கள் என் தெருவிலேயே ஒன்பது பேர்.)

சம்பா கோதுமையும் கோதுமைதான். ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்தாலும் க்ளூட்டன் அந்தப் பாலில் வரும். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் க்ளூட்டன் சில மாதம் தொடர்ந்து போனாலே குடல் கெடுவதைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு துண்டு ரொட்டியில் அதைப்போலப் பல மடங்கு உண்டு. மாமியாரின் ஒரு வாயில் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

அல்வாவைவிட எனக்குப் பயம் பெருங்காயத்தின் மேல். கடையில் வாங்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம் என்று தினமும் அது உள்ளே போகும். அல்வாவையாவது கண்ணால் பார்க்கலாம். பத்து மாதமாக அதையும் விட்டிருந்தீர்களா? கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது, படித்துப் பார்த்து வாங்குங்கள். மால்ட் கலந்த சத்துப் பானங்களையும் விடுங்கள், மால்ட் என்பது பெரும்பாலும் பார்லி, அதிலும் க்ளூட்டன் உண்டு. மற்றபடி நம் பக்கத்தில் பிறந்தவருக்குச் சாப்பாட்டில் என்ன குறை? உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும், சொதி, அவியல், கம்பு, கேழ்வரகு, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், தூத்துக்குடி மக்ரூன். இதில் எதிலும் கோதுமைக்கு வேலையில்லை.

மாமியார் மனம் நோகும் என்கிறீர்கள். நோகட்டும். ரெண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். கல்யாணத்துக்கு முன்பே ஒருநாள் அவரையும் டாக்டரிடம் கூட்டிப்போய் முன்னால் உட்காரவையுங்கள், மருமகள் சொன்னால் ஏறாதது அங்கே ஏறும். இதற்கு மேல் அல்வாவைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் அடைப்புக்குறிக்குள் சிரிப்பாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, மகளும் அரிசி மெல்லுகிறாள், வம்சம் என்று. கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான் அம்மா. பெற்றோருக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ இந்த நோய் இருந்தால், பத்தில் ஒருவருக்கு என்கிற அளவில் இது வரக்கூடும். உங்கள் டாக்டர் சொல்லியிருப்பார், நீங்கள்தான் காதில் வாங்கவில்லை. அவளுக்கு ஹீமோகுளோபினும், உங்களுக்குப் பார்த்த அதே எதிர்ப்பொருளும், கூடவே மொத்த ஐஜிஏ (அதுவும் ரத்தத்தில் உள்ள ஒருவகை எதிர்ப்பொருள்தான்) அளவும் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று. பயந்துபோய் அவளுக்கு இப்போதே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் போகும். முடிவு வரும்வரை அவள் சப்பாத்தி தின்னட்டும், ஆச்சி கொடுத்தால் அல்வாவும் தின்னட்டும். ஆவணிவரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே கூட்டிப்போங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.