வீட்டுக்காரர் உண்மையில் என்ன சொன்னார்?

கேள்வி: பதவி உயர்வை ஏற்று, மொழி தெரியாத ஒரு பகுதிக்கு மனைவி, ஒன்பது வயது மகளுடன் குடிவந்து பத்து மாதங்கள் ஆகின்றன. அலுவலகத்தில் வேலையைத் தாண்டி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. உணவு இடைவேளையில் அவர்கள் தங்கள் மொழியில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, நான் கைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். நாற்பத்திரண்டு வயதில் புது மொழி எங்கே ஏறப்போகிறது? மகள் மட்டும் நன்றாகப் பேசப் பழகிவிட்டாள். கடை, மருத்துவமனை என்று எல்லா இடத்திலும் அவள்தான் எங்களுக்குத் துணை. சென்ற மாதம் வீட்டுக்காரர் வாசலில் நின்று ஐந்து நிமிடம் சத்தம் போட்டார். என்னவென்று கேட்டதற்கு, 'குழாயைச் சரியாக மூடச் சொல்கிறார் அப்பா' என்றாள். பழைய இடத்துக்கே மாற்றல் கேட்டுவிடலாமா?

பதில்: சகோதரரே, ஐந்து நிமிடம் சத்தம் போட்ட மனிதர் குழாயைப் பற்றி மட்டுமா பேசியிருப்பார்? உங்கள் தனிமையைப் பற்றி விரிவாக எழுதிவிட்டு, மகளைப் பற்றிப் போகிற போக்கில் சொன்ன இந்த ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

அந்த வாசலை நீங்கள் இன்னொரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு சிறு பெண் அண்ணாந்து, கோபத்தில் இருக்கும் பெரியவரின் முகத்தைப் பார்க்கிறாள். தன் தகப்பனைப் பற்றி அவர் சொல்லும் கடுஞ்சொற்கள் அங்கே அவளுக்கு மட்டுமே புரிகின்றன. 'என்னம்மா சொல்கிறார்?' என்று நீங்கள் கேட்ட அந்தக் கணத்தில், எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்று அவள் தனியாக முடிவு செய்கிறாள். பெற்றோருக்காக மொழிபெயர்க்கும் பிள்ளைகள் வசவுகளை வடிகட்டிச் சொல்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படி வளர்ந்தவர்கள் எனக்கு எழுதிய கடிதங்களிலும் அது இருக்கிறது. விழுங்கியதை அவர்கள் மறந்ததாக ஒருவரும் எழுதியதில்லை. நீங்கள் இதைத் துணை என்கிறீர்கள். உங்களுக்கு வர வேண்டிய அவமானத்தை ஒன்பது வயதுக் குழந்தை வாங்கிக்கொள்கிறாள் என்றே நான் சொல்வேன்.

மருத்துவமனைக்கும் அவளையே அழைத்துப் போகிறீர்கள். தாயின் உபாதையை அவள் எந்தச் சொற்களால் மருத்துவரிடம் சொல்வாள்? மருந்தளவில் ஒரு சொல் பிசகினால் அந்தப் பழியை யார் சுமப்பது? அமெரிக்காவில் மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள், வேறு வழியில்லாத ஆபத்து நேரம் தவிர, மொழிபெயர்ப்புக்குச் சிறுவர்களை நம்பக் கூடாது என்று 2016-ல் விதியே கொண்டுவந்தார்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் அப்படி விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், குடும்பத்துக்கு முன்னால் நின்று ஊரோடு பேசுவது பெற்றவர்களின் கடமை. அதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

வயதைக் காரணம் காட்டாதீர்கள். நெதர்லாந்தில் குடியேறிய ஆங்கிலம் பேசுவோர் டச்சு மொழி கற்றதைக் குறித்து 1978-ல் வெளிவந்த ஆய்வில், தொடக்க மாதங்களில் வேகமாகக் கற்றவர்கள் பதின்பருவத்தினரும் பெரியவர்களும்தான். மிகவும் பின்தங்கியவர்கள் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள். உச்சரிப்பு உங்களுக்குக் கடைசிவரை சரியாக வராமல் போகலாம். ஆனால் விலை கேட்கவும், வலி எங்கே என்று சொல்லவும், 'புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்' என்று கேட்கவும் பத்து மாதம் தாராளம். அந்தப் பத்து மாதமும் நீங்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சிரித்துப் பேசும் அந்த மேசையைவிட நல்ல வகுப்பு உங்களுக்கு வேறெங்கும் கிடைக்காது. நாளுக்கு ஒரு சொல்லை அவர்களிடம் கேட்டு வாங்குங்கள், தப்பாகச் சொல்லுங்கள், அவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

மாற்றல் இப்போது வேண்டாம். அமெரிக்காவில் தங்கித் திரும்பிய நார்வே நாட்டு அறிஞர்களை ஆராய்ந்த லிஸ்கார்ட் என்ற சமூகவியலாளர், ஆறு மாதத்துக்கும் குறைவாகவோ பதினெட்டு மாதத்துக்கும் மேலாகவோ இருந்தவர்களைவிட, இடைப்பட்ட காலம் இருந்தவர்களே அந்த நாட்டோடு குறைவாக ஒட்டியிருந்தார்கள் என்று 1955-ல் எழுதினார். எல்லாருக்கும் இது அப்படியே பொருந்தாது என்றாலும், பத்தாவது மாதத்துச் சோர்வில் மனு எழுதுவது சரியல்ல. அதுவும், பேசப் பழகிப் பள்ளியில் கால் ஊன்றிவிட்ட பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போவதற்கு, அப்பாவுக்குப் பேச்சுத் துணை இல்லை என்பது எனக்குப் போதுமான காரணமாகத் தெரியவில்லை.

இன்று மாலை மகளை அருகில் உட்கார வைத்து, வீட்டுக்காரர் அன்று என்னவெல்லாம் சொன்னார் என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். இனி அவரிடம் அப்பாவே பேசிக்கொள்வேன் என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு நீங்களும் மனைவியும் சேர்ந்து, அவரிடம் கேட்க வேண்டியதை ஐந்தாறு வாக்கியங்களாக அந்த மொழியில் எழுதி மனப்பாடம் செய்யுங்கள்; மறந்தால் காகிதத்தைப் பார்த்துப் படிப்பதில் வெட்கம் வேண்டாம். அடுத்த முறை வாடகை கொடுக்கும்போது, மகள் பள்ளியில் இருக்கும் நேரமாகப் பார்த்து, நீங்கள் இருவர் மட்டும் போய் அவர் கதவைத் தட்டுங்கள்.